பொதுப்பெயரும் தனிக் கையெழுத்தும்

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், கருக்களாச்சேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு கூரையின்கீழ்ப் பலர் கூடிச் செய்யும் கலைப்பணியைப் பற்றியும் அப்பணிக்கு அமையும் பெயரைப் பற்றியும் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். இலக்கிய வட்டத்தின் ஆண்டுவிழாவில் இத்தலைப்பு எதற்கு என்று புதிதாக வந்திருப்போர் நினைக்கக்கூடும். காரைக்கால் கடைத்தெருவில் மாடி அறை ஒன்றை வாடகைக்கு எடுத்து, நூல் அட்டை வரைவோர், கடைப்பலகை எழுதுவோர், கணினியில் அச்சுக்கோப்போர், திருமண அழைப்பிதழ் வடிவமைப்போர், நம் எழுத்தாளர்கள் ஆகிய எல்லோரும் அதைப் பகிர்ந்து கொள்வதென்றும், அங்கிருந்து வெளிவரும் வேலைகள் அனைத்துக்கும் ஒரே பெயரைச் சூட்டுவதென்றும் வட்டம் எண்ணியிருக்கிறது. சென்ற கூட்டத்தில் இதுபற்றி இரண்டு கேள்விகள் எழுந்தன. செய்த வேலையின்மேல் எவர் பெயர் நிற்கும்? வந்த வருவாயை எப்படிப் பிரிப்பது? கணக்கப்பிள்ளை தீர்த்து வைக்க வேண்டிய கேள்விகளைப் போல இவை தோன்றலாம். ஆனால் கூடிச் செய்த கலை முயற்சிகள் பலவும் நின்றதும் விழுந்ததும் இவ்விரு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளால்தான். ஆகவே, இவற்றுக்கு முன்னவர்கள் கண்ட விடைகளைச் சற்று ஆராய்வோம்.

முதலில் நாம் நிற்கும் கரையையே எடுத்துக் கொள்வோம். இக்கரைக்கு ஐரோப்பியர் வைத்த பெயர் கோரமண்டல். சோழமண்டலம் என்னும் நம் சொல்லே அவர்கள் நாவில் அவ்வாறு திரிந்தது என்பது அறிஞர் பலரின் கருத்து. ஓர் அரச குலத்தின் ஆட்சி எல்லையைக் குறித்த சொல், கப்பலேறிய பின் துணியின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. இக்கரையின் எழுத்துத் துணிகளும் சாயத் துணிகளும் கிழக்கே மலாய்த் தீவுகளுக்கும் மேற்கே ஐரோப்பாவுக்கும் சென்றன. வாங்கியவர்கள் கரையின் பெயரை அறிந்திருந்தார்கள். நெய்தவரின் பெயரை அறியார்கள்.

1739-இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1954 வரை அவர்களிடமே இருந்தது. அவர்களுடைய வணிகத்தில் 'கினே' என்றொரு நீலத்துணி உண்டு. புதுச்சேரிப் பகுதியில் நெய்து அவுரிச் சாயம் தோய்த்த முரட்டுப் பருத்தித் துணி அது. ஆப்பிரிக்காவின் செனகல் ஆற்றங்கரையில் அதனைக் கொடுத்துப் பிசின் வாங்கினார்கள். அங்கே அத்துணி நாணயம் போலவே கைமாறியது. ஐரோப்பிய ஆலைகள் அதைப் போலவே செய்து அனுப்பியபோது, அவ்வூர் மக்கள் துணியைத் தடவிப் பார்த்தும் முகர்ந்து பார்த்தும் எது இந்தியச் சரக்கு என்று தேர்ந்தெடுத்தார்கள். முத்திரை என்றும் பிராண்ட் என்றும் நாம் இன்று சொல்வதன் உட்பொருள் இந்தச் செய்தியில் அடங்கியிருப்பதாக எனக்குப் படுகிறது. பெயரைச் சொல்லி விற்கலாம். ஆனால் வாங்குகிறவன் விரலும் மூக்கும் அப்பெயரைச் சோதித்துக் கொண்டேயிருக்கும். சாயத் தொட்டியில் எத்தனை முறை தோய்த்தார்கள் என்பதுதான் அங்கே கையொப்பம். அந்தக் கையொப்பத்தை இட்டவர்கள் யார் என்பதோ எந்த ஏட்டிலும் இல்லை.

கடலோரத்தை விட்டுக் காவிரிக் கரையோடு மேற்கே சென்றால் சுவாமிமலை. அங்கேயுள்ள சிற்பப் பட்டறைகளில் இன்றும் படிமம் வார்க்கும் முறை நீங்கள் அறிந்ததே. தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சி மெழுகுரு செய்கிறார்கள். தென்னையோலை நறுக்கை மடித்து மடித்துத் தாள அளவு காண்கிறார்கள். காவிரியின் வண்டல் மண்ணை அதன்மேல் பூசிக் காயவைக்கிறார்கள். சுட்டவுடன் மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்தில் உலோகக் குழம்பை ஊற்றுகிறார்கள். பின்னர் மண்ணை உடைத்து, உளிகொண்டு கண்ணும் நகையும் செதுக்குகிறார்கள். மெழுகுரு செய்பவர் ஒருவர், மண் பூசுபவர் ஒருவர், வார்ப்பவர் சிலர், செதுக்குபவர் ஒருவர். இவர்களில் படிமத்தைப் படைத்தவர் யார்? பட்டறைக்குள் இக்கேள்விக்கு இடமில்லை. சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளில் வார்த்தவர் பெயரைத் தேடினால் நமக்கு ஏமாற்றமே மிஞ்சும்.

இதனைப் பணிவு என்று புகழ்வோர் உண்டு. நான் அவ்வளவு எளிதாகப் புகழ மாட்டேன். பெயர் வேண்டாம் என்று அவர்கள் துறந்தார்களா, பெயர் வைக்கும் உரிமை அவர்களுக்கு இல்லாதிருந்ததா என்பது தனியே ஆராய வேண்டியது. கோயிலின் கல்வெட்டில் கொடையளித்தவர் பெயர் இருக்கிறது. எரியும் விளக்குக்கு விடப்பட்ட ஆடுகளின் எண்ணிக்கை கூட இருக்கிறது. உரு வார்த்தவன் பெயர் அரிதாகவே கிடைக்கிறது. எனினும் பட்டறையிடமிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொருவர் வேலையும் அடுத்தவர் வேலைக்குள் சென்று மறைந்து விடுமாறு அங்கே முறை அமைந்திருக்கிறது. மெழுகில் பிழை இருந்தால் அதை உளியால் மறைக்க முடியாது. ஆதலால் ஒருவர் மற்றவர்க்குப் பொறுப்பாகிறார்.

1999-இல் இயற்றப்பட்டு 2003-இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம் இத்தகைய பொதுப்பெயருக்குக் காவல் தந்தது. சுவாமிமலைப் படிமமும், நாச்சியார்கோவில் குத்துவிளக்கும், தஞ்சாவூர் ஓவியமும் இன்று அக்குறியீடு பெற்றவை. அச்சட்டத்தின்கீழ்ப் பெயர் ஒரு தனியாளின் உடைமையாக இயலாது. செய்வோரின் அமைப்பின் பேரில், ஓர் ஊரையோ வட்டாரத்தையோ சார்ந்தே அது பதிவாகும். நல்லதுதான். ஆயினும் ஊரின் பெயரைச் சட்டம் காக்குமேயன்றி, ஆளின் பெயரைத் தேடித் தராது. பழைய சிக்கலின் ஒரு பாதி அப்படியே நிற்கிறது.

அவையோரே, இந்த மறுபாதியை நேர்கொண்ட ஒரு முயற்சி நம் தமிழகத்திலேயே நடந்திருக்கிறது. அதன் பெயரும் நம் கரையின் பெயரே: சோழமண்டலம். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் ஓவியர்களும் சிற்பிகளும் கூடி அமைத்த கலைக்கிராமம் அது. இன்றைய என் உரையின் நடுப்பொருள் அதுவே.

அதன் வேர் சென்னை ஓவியப் பள்ளியில் இருக்கிறது. 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. கைவினையும் தொழிலும் கற்பிப்பதே அதன் தொடக்க நோக்கம். 1929-இல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி பொறுப்பேற்ற பின்னரே நுண்கலை அங்கு முதன்மை பெற்றது. மெரினாக் கடற்கரையில் நாம் காணும் உழைப்பாளர் சிலை அவர் படைப்பு. 1957-இல் அவருக்குப் பின் முதல்வரானவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர், அப்பள்ளியிலேயே பயின்றவர், 1944-இலேயே முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்.

பணிக்கர் எதிர்கொண்ட இடர் மிக எளியது. மிகக் கொடியதும் கூட. பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் திறமை மிக்க இளைஞர்கள் வெளிவந்தார்கள். சென்னையில் அன்று ஓவியம் வாங்குவோர் சிலரே. ஓவியத்தைத் தொங்கவிட்டு விற்கும் கூடங்கள் இல்லையென்றே சொல்லலாம். வயிற்றுப்பாட்டுக்காக ஏதேனும் அலுவலில் நுழைந்தவன் நான்கைந்து ஆண்டுகளில் தூரிகையை மறந்தான். கற்பித்த ஆசிரியருக்கு இதைவிடத் துயரம் வேறு என்ன இருக்க முடியும்?

அதற்கு அவர் கண்ட வழிதான் வியப்புக்குரியது. அரசின் நிதியை அவர் நாடவில்லை. செல்வர் ஒருவரின் ஆதரவிலும் சாயவில்லை. 1960களின் முற்பகுதியில் கைவினைச் சங்கம் ஒன்றை ஓவியர்கள் அமைத்துக் கொண்டார்கள். பாத்திக் என்னும் மெழுகுச் சாயமுறையில் துணிகளை வரைந்தார்கள். உருக்கிய மெழுகால் துணியில் கோலம் எழுதி, சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்கி, மீண்டும் எழுதி மீண்டும் தோய்க்கும் வேலை அது. மெழுகு வெடித்த இடங்களில் சாயம் புகுந்து நரம்பு போல் ஓடும். சாவகத் தீவில் வளர்ந்த இக்கலை, தேர்ந்த ஓவியன் கைக்கு வந்தபோது புதிய அழகு பெற்றது. தோல் வேலையும் உலோக வேலையும் உடன் நடந்தன. இவற்றைக் கண்காட்சியாக வைத்து விற்றார்கள். அந்த வருவாயைக் கொண்டு கடலோரத்தில் சில ஏக்கர் மணல்நிலம் வாங்கினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்கள் அம்முயற்சியில் பங்குகொண்டார்கள். சவுக்கும் மணலுமாய்க் கிடந்த இடத்தில் கீற்றுக் கொட்டகைகள் எழுந்தன.

இங்கே நாம் கூர்ந்து நோக்க வேண்டிய ஏற்பாடு ஒன்று உண்டு. நாளின் ஒரு பகுதி கைவினைக்கு. மற்றப் பகுதி அவரவர் ஓவியத்துக்கு. கைவினைப் பொருள் பொதுப்பெயரில் விற்கும். ஓவியமும் சிற்பமும் தத்தம் கையெழுத்தோடு வெளிவரும். பொதுப்பெயரில் செய்த வேலை நிலத்தையும் கூரையையும் சோற்றையும் தந்தது. அவை தந்த ஓய்வில் தனிப்பெயரில் கலை வளர்ந்தது. வேறு சொற்களில் சொன்னால், எதைப் பொதுவாக்குவது, எதைத் தனியே வைப்பது என்னும் வரப்பை அவர்கள் முன்கூட்டியே கட்டினார்கள். பட்டறையின் பொறுப்பையும் தற்காலக் கலைஞனின் தனித்துவத்தையும் ஒன்றையொன்று தின்றுவிடாதபடி அருகருகே வைத்தது அந்த வரப்பு.

அதன் விளைவைப் பாருங்கள். ஒரே வளாகத்தில் வாழ்ந்தார்கள். ஒரே கிணற்று நீரைக் குடித்தார்கள். எனினும் அவர்கள் படைப்புகள் ஒன்றுபோல் இல்லை. பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறிகளும்' என்னும் வரிசையை வரைந்தார். எழுத்து போன்றும் சாதகக் கட்டம் போன்றும் தோன்றும் குறிகள் அவற்றின் தளமெங்கும் பரவியிருக்கும். படிக்க முயன்றால் பொருள் பிடிபடாது. எழுத்தைத் தொழிலாகக் கொண்ட நாம் அவ்வோவியங்களின்முன் சற்று நேரம் நிற்க வேண்டும். எழுத்து தன் பொருளை இழந்த பின்னும் அழகாயிருக்க முடியும் என்பதை அவை காட்டுகின்றன. சுல்தான் அலி பழங்குடி மரபின் உருவங்களையும் நாட்டார் தெய்வங்களையும் தம் வழியில் கொண்டுவந்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பிலும் பித்தளையிலும் முன்னோக்கி நிற்கும் சிற்பங்களைப் பற்றவைத்தார். ஹரிதாசன், ஜெயபால பணிக்கர், சேனாதிபதி, கோபிநாத், வாசுதேவ், அர்ணவாஸ், நந்தன் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு திசை. அக்கித்தம் நாராயணனும் விசுவநாதனும் பாரிசுக்குச் சென்று அங்கேயே தங்கினார்கள். வாசுதேவ் பின்னர்ப் பெங்களூருக்குப் பெயர்ந்தார். சென்றவர்கள் தத்தம் கையெழுத்தோடு சென்றார்கள். அதனால் சோழமண்டலத்தின் பெயர் குறைந்துவிடவில்லை. அவர்கள் சென்ற ஊர்களிலும் அது சொல்லப்பட்டது.

இன்று 'சோழமண்டலம்' என்றால் கலையுலகில் அது ஒரு முத்திரை. எந்த விளம்பர நிறுவனமும் அதை உருவாக்கவில்லை. முதலில் வேலை இருந்தது. பிறகு வேலை செய்யும் இடம் வந்தது. இடத்துக்குப் பெயர் வந்தது. அப்பெயரைச் சொன்னால் ஒரு தரம் நினைவுக்கு வரும் நிலை பல்லாண்டுகளுக்குப் பின் வந்தது. நம் காலத்திலோ இவ்வரிசை தலைகீழாகிறது. முதலில் பெயர், அதற்கொரு சின்னம், சின்னத்துக்கு வண்ணம், அதன் திறப்புவிழா, இவை எல்லாம் முடிந்த பின் என்ன வேலை செய்யலாம் என்னும் யோசனை. திறப்புவிழாவோடு முடிந்துபோன அமைப்புகளின் பட்டியலை நான் வாசிக்க வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.

சோழமண்டலத்தைக் குறையற்ற பொன்னுலகமாகக் காட்டிவிட்டு நான் அமர்ந்தால் அது உண்மைக்கு மாறாகும். கூட்டு வாழ்வு எல்லாத் துயரையும் ஆற்றுவதில்லை. கே. ராமானுஜம் என்னும் ஓவியர் 1941-இல் பிறந்தவர். கோட்டைகளும் பறவைகளும் நாகங்களும் விந்தை உயிர்களும் நிறைந்த கனவு நகரங்களை மையினாலும் வண்ணத்தினாலும் நுணுகி நுணுகி வரைந்தவர். தொப்பியணிந்த தம் உருவத்தையும் அந்நகரங்களுக்குள் ஓரிடத்தில் உலவ விட்டவர். பேச்சில் தயக்கமும் பழக்கத்தில் கூச்சமும் கொண்ட அவருக்குப் பணிக்கர் ஆசானாகவும் அரணாகவும் இருந்தார். எனினும் 1973-இல், முப்பதைக் கடந்த சில ஆண்டுகளிலேயே, அக்கிராமத்தில் அவர் தம் உயிரை மாய்த்துக் கொண்டார். சி. மோகன் எழுதிய 'விந்தைக் கலைஞனின் உருவச் சித்திரம்' என்னும் நாவல் அவர் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. நம் உறுப்பினர் பலர் அதைப் படித்திருப்பீர்கள். சுற்றிலும் தோழர்கள் இருக்க ஒருவர் தனியாக இருக்க முடியும் என்பதை நாம் மறக்கலாகாது. பொதுப்பெயர் நன்றாக ஒளிரும்போது, அதன் நிழலில் இருப்பவரை எவரும் பார்க்காமல் போகும் இடர் மிகுதி.

இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. எந்தக் கைவினை நிலத்தை வாங்கித் தந்ததோ, அது காலப்போக்கில் பின்னுக்குச் சென்றது. ஓவியங்கள் விற்கத் தொடங்கிய பின் பாத்திக் துணி வரைய எவருக்குப் பொழுது இருக்கும்? 1977-இல் பணிக்கர் மறைந்தார். மணல்மேட்டைச் சுற்றிச் சென்னை வளர்ந்தது. கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. நிலத்தின் விலை ஓவியத்தின் விலையை விஞ்சியது. 2009-இல் அங்கே தற்காலக் கலைக்கான அருங்காட்சியகம் எழுந்தது. சென்னை இயக்கத்தின் படைப்புகளை ஓரிடத்தில் காண விரும்புவோர்க்கு அது பெரும்பேறு. ஆயினும் கூடி உழைக்கும் பொழுது சுருங்கியபோது கூடியிருந்தோரிடையே இருந்த பிணைப்பின் தன்மையும் மாறியிருக்கும் என்று ஊகிக்க இடமுண்டு. பொது வேலை இல்லாத இடத்தில் பொதுப்பெயர் நினைவுச் சின்னமாகிறது. நினைவுச் சின்னத்தை மதிக்கலாம். அதற்குள் அமர்ந்து வேலை செய்வது அரிது.

ஓவியர்களைப் பற்றி இவ்வளவு சொன்னேன். நம் எழுத்துலகத்துக்கு வருவோம். ஓவியரும் எழுத்தாளரும் ஒரே மேசையில் அமர்ந்தது தமிழ்ச் சிறுபத்திரிகைகளின் காலத்தில்தான். சேலத்திலிருந்து சி. மணியின் முயற்சியில் 1968-இல் வெளிவரத் தொடங்கிய 'நடை', 1970-இல் தொடங்கிய 'கசடதபற' ஆகிய ஏடுகளை எண்ணிப் பாருங்கள். விற்பனை சில நூறு படிகளே. ஆனால் அவற்றின் பெயர் இன்றும் நிற்கிறது. புதிய கவிதையும் புதிய கோட்டோவியமும் அந்தத் தாள்களில்தான் ஒன்றையொன்று அறிமுகம் செய்துகொண்டன.

கே. எம். ஆதிமூலம் இக்கூட்டுறவின் தலைமகன். 1938-இல் துறையூரை அடுத்த கீராம்பூரில் பிறந்தவர், 2008-இல் மறைந்தார். காந்தியடிகளின் நூற்றாண்டையொட்டி வரிசையாகக் காந்தியை வரைந்தவர். பிழைப்புக்காக அவர் பணியாற்றியது நெசவாளர் சேவை மையத்தில். கைத்தறிக்குப் புதிய வடிவங்களைத் தர ஓவியரையும் சாயக்காரரையும் நெசவாளரையும் ஓரிடத்தில் சேர்த்த அமைப்பு அது. அங்கே சேலையின் ஓரத்தில் ஓவியர் பெயர் இராது. மாலையில் வீடு திரும்பித் தம் கித்தானில் கையெழுத்திட்டார். இடையில் நம் ஏடுகளுக்கும் நூல்களுக்கும் தலைப்பெழுத்து வரைந்து தந்தார். அச்சு வார்ப்பெழுத்தின் விறைப்பை உடைத்து, தூரிகையின் வேகத்தைத் தமிழ் எழுத்துக்குள் கொண்டுவந்த தலைப்புகள் அவை. ஒரு நூலை எடுத்தவுடன் இது இன்ன வகை இலக்கியம் என்று வாசகன் உணர்ந்தான் என்றால், அந்த முத்திரையைப் பொறித்த கைகளில் முதன்மையான கை அவருடையது.

1974-இல் சென்னையில் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய க்ரியா பதிப்பகத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். தாள், கட்டு, எழுத்துருவின் அளவு, மெய்ப்பு, அட்டை ஆகிய ஒவ்வொன்றிலும் பலர் கூடிக் காட்டிய கவனமே அதன் விளம்பரம். 1992-இல் அவர்கள் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதி கூட்டுழைப்பின் சிறந்த சான்று. 2020-இல் ராமகிருஷ்ணன் மறைந்தபோது ஒரு பதிப்பாளர் மறைந்தார் என்பதோடு, ஒரு தரக்கட்டுப்பாடு மறைந்தது என்றும் வாசகர்கள் வருந்தினார்கள்.

நமக்கு அண்டை ஊரான புஞ்சையில் பிறந்த ந. முத்துசாமி, 'நடை'யில் எழுதியவர். 1977-இல் அவர் தோற்றுவித்த நாடக அமைப்புக்குச் சபா என்றோ மன்றம் என்றோ பெயரிடவில்லை. கூத்துப்பட்டறை என்று பெயரிட்டார். பட்டறை என்ற சொல்லைக் கொல்லனிடமிருந்தும் தச்சனிடமிருந்தும் வாங்கி நடிகனுக்குக் கொடுத்தார். அடித்து, காய்ச்சி, மீண்டும் அடித்து உருவாக்கும் இடம் என்னும் பொருள் அப்பெயரிலேயே இருந்தது. பெயர் சூட்டுவதென்றால் இப்படிச் சூட்ட வேண்டும்: என்ன வேலை நடக்கிறதோ அதைச் சொல்ல வேண்டும்.

இனி, நம் மாடி அறைக்கு வருகிறேன். என் கருத்துகளைச் சுருங்கச் சொல்கிறேன். வட்டம் ஏற்றாலும் சரி, மறுத்து விவாதித்தாலும் சரி.

முதலாவது, வரப்பைக் கட்டிவிட்டுப் பயிரிடுவோம். கடைப்பலகை, அழைப்பிதழ், பொருளுறை, விளம்பரத்தாள் ஆகியவை அறையின் பொதுப்பெயரில் வெளிவரட்டும். அவற்றின் வருவாய் அறையைக் காக்கட்டும். கதையும் கவிதையும் ஓவியமும் எழுதியவர், வரைந்தவர் பெயரில் நிற்கட்டும். அவற்றின்மீது அறைக்கு எந்த உரிமையும் வேண்டாம். நூல் அட்டை இரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் பொதுப்பெயரும் இருக்கலாம். வரைந்தவர் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். அச்சுக்கோத்தவர், மெய்ப்புப் பார்த்தவர், அட்டை வரைந்தவர் ஆகியோர் பெயரை நூலின் இரண்டாம் பக்கத்தில் அச்சிடுவதற்கு நான்கு வரி போதும். நீலத்துணிச் சாயக்காரருக்கும் படிமம் வார்த்தவருக்கும் கிடைக்காத நான்கு வரி அது. நம் கையில் அச்சு இருக்கிறது; அதனைத் தர மறுக்க நமக்கு ஒரு காரணமும் இல்லை.

இரண்டாவது, பங்கீடு. இதைக் கற்க நாம் வேறெங்கும் போக வேண்டியதில்லை. இந்தக் கருக்களாச்சேரிக் கடற்கரையில் அமர்ந்திருக்கும் பெரியவர்களைக் கேட்டாலே போதும். கரைவலை இழுக்கப் பல கைகள் வேண்டும். வலைக்கு ஒரு பங்கு, படகுக்கு ஒரு பங்கு, இழுத்த கைகளுக்குப் பங்கு என்று மீன் கரையேறுமுன்பே முறை வகுக்கப்பட்டிருக்கும். வலை நிறைந்த பின் பங்கு பேசத் தொடங்கினால் கரையில் சண்டைதான் மிஞ்சும். நம் அறையிலும் கணினிக்கும் வாடகைக்கும் ஒரு பங்கு, வேலை கொண்டுவந்தவருக்கு ஒரு பங்கு, செய்தவருக்குப் பெரும்பங்கு என்று முதல் வேலை வருமுன்பே எழுதிக் கையொப்பமிட்டு விடுவோம். நட்பின்மேல் நம்பிக்கையில்லாமல் எழுதுவதன்று அது. நட்புக்குச் சுமை குறைக்க எழுதுவது.

மூன்றாவது, பெயரைக் கடன் கொடுப்பதில் கண்டிப்பு. வட்டத்தின் பெயர் பத்தாண்டு உழைப்பில் சேர்ந்தது. உறுப்பினரின் உறவினர் கடை என்பதற்காக அரைகுறையாகச் செய்த பலகையில் அப்பெயர் ஏறினால், அடுத்த நூலின்மேல் அது மதிப்பிழந்து நிற்கும். அறையில் இருப்போர் மூவர் பார்த்து ஒப்பாத எந்த வேலையும் பொதுப்பெயரில் வெளியே போகலாகாது. செனகல் ஆற்றங்கரைக்காரர் துணியை முகர்ந்து பார்த்தது போல, நம் வாசகரும் முகர்ந்து பார்ப்பார்.

நான்காவதாக, ஆட்களைப் பற்றி ஒரு சொல். அறையை விட்டுப் போக விரும்புகிறவர் தம் படைப்புகளோடும் தம் பெயரோடும் மனக்கசப்பின்றிப் போக வழி இருக்க வேண்டும். அறையில் இருந்துகொண்டே ஒதுங்கியிருப்பவரை, மாதத்தில் ஒருமுறையேனும் தேடிச் சென்று பேசுகிறவர் ஒருவர் வேண்டும். இப்பொறுப்புக்குப் பதவிப்பெயர் தேவையில்லை, ஆள் தேவை.

சின்னம் வரைவதைப் பற்றிக் கேட்ட இளைய நண்பர்களுக்கு: அவசரம் வேண்டாம். ஓராண்டு வேலை செய்யுங்கள். எந்த எழுத்து வடிவம் உங்கள் கைக்கு இயல்பாக வருகிறதோ, எந்த வண்ணத்தை நீங்கள் அறியாமலே மீண்டும் மீண்டும் எடுக்கிறீர்களோ, அதைப் பார்த்து ஊரார் 'இது அந்த மாடி அறைக்காரர்கள் வேலை' என்று சொல்வார்கள். அன்றைக்குச் சின்னம் ஏற்கெனவே உருவாகி விட்டது என்று பொருள். நீங்கள் அதைத் தாளில் எடுத்தெழுதினால் போதும்.

பத்து ஆண்டுகள் ஒரு வட்டம் நிலைத்ததே அரிது. பேசிக் கலைந்த பத்தாண்டுகளுக்குப் பின் கூடி உழைக்கும் பத்தாண்டுகளைத் தொடங்க நினைக்கிறீர்கள். பேச்சில் வந்த வேற்றுமை தேநீரோடு தீர்ந்திருக்கும். உழைப்பில் வரும் வேற்றுமை அவ்வளவு எளிதில் தீராது. ஆகவேதான் இவ்வளவு கணக்கையும் காவலையும் சொன்னேன். சோழமண்டலம் என்ற பெயரை ஓவியர்கள் இக்கரையிலிருந்து எடுத்துக்கொண்டு, தம் உழைப்பால் அதற்குப் புதுப்பொருள் சேர்த்தார்கள். அதே கரையின் தென்பகுதியில் இருக்கும் நாமும் நம் பெயருக்குப் பொருள் சேர்ப்போமாக. இருபதாம் ஆண்டு மலரை எடுத்துப் பார்ப்பவர், முன்னட்டையில் வட்டத்தின் பெயரையும் இரண்டாம் பக்கத்தில் உழைத்தவர் அனைவர் பெயரையும் காணட்டும்.